எதையும் தாங்கும் நுண்ணுயிரா?

"எப்பேர்ப்பட்ட சூழலையும் தாங்கும் நுண்ணுயிர்கள்" என்று எழுதுவது நம் அறிவியல் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளங்களை வைத்து யோசித்தால் இந்த வாக்கியம் நிற்காது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாத்தி பாத்தியாகக் காய்ந்து பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் சோற்றுப்பு படியும். அந்தக் கடைசிப் பாத்தியிலும் உயிர் உண்டு. தண்ணீருக்குச் சிவப்புச் சாயல் தருவதே அவைதான். முக்கியமானவை இரண்டு.

ஒன்று, டுனாலியெல்லா சலினா என்ற பாசி. இதற்குக் கெட்டியான செல்சுவர் கிடையாது. வெளியே உப்பு ஏறினால் உள்ளே கிளிசரால் தயாரித்துச் சமன் செய்யும். உப்பு இறங்கினால் கிளிசராலைக் குறைத்துக்கொள்ளும். வெயிலுக்கு பீட்டா கரோட்டீன்தான் குடை. இதைத் தாராளமாகத் தாக்குப்பிடிக்கும் உயிர் எனலாம்.

இன்னொன்று ஹாலோபாக்டீரியம் சலினாரம். பெயரில் பாக்டீரியம் இருந்தாலும் இது ஆர்க்கியா என்ற தனி வம்சம். இது செல்லுக்குள்ளேயே பொட்டாசியம் உப்பை நிரப்பி வைத்திருக்கும். அதன் புரதங்கள் உப்பு இருந்தால்தான் உருக்குலையாமல் நிற்கும். ஒரே ஹார்டுவேருக்கென்று எழுதின புரோகிராம் மாதிரி. மாமல்லபுரம் கடல்நீரில் விட்டால் செல் உடைந்துபோகும். நமக்கு இதமான கடல் அதற்கு எமன்! ஐப்பசி, கார்த்திகை மழையும் அப்படித்தான். உப்புப் படிகத்துக்குள் சிறைப்பட்ட துளி நீரில் இருப்பவை மட்டும் தப்பிக்கலாம்.

"எக்ஸ்ட்ரீமோஃபைல்" என்ற சொல்லை 1974இல் மெக்எல்ராய் கொண்டுவந்தார். கடுஞ்சூழல் விரும்பி என்று பொருள். யாருக்குக் கடுமை? நமக்கு. அதற்கு அது வீடு. இந்தச் சொல் பாசியையும் ஆர்க்கியாவையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. ஒன்று மாற்றத்தைச் சமாளிக்கிறது. மற்றது மாற்றம் வந்தால் சாகிறது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. மனை விலை ஏறிக்கொண்டே போகும் ஓஎம்ஆர் பக்கம், உப்பளம் என்றாலே "சும்மா கிடக்கிற நிலம்தானே" என்பார்கள். அங்கே உயிர் இருக்கிறது என்றால், "அதுங்க எதையும் தாங்கும்ல" என்று அடுத்த பதில் வரும். அந்தப் பதிலை எடுத்துக் கொடுத்தது நம் கட்டுரைகள்தான். உப்புநீர் வரத்து நின்றாலோ நல்லதண்ணீரும் கழிவுநீரும் புகுந்தாலோ, ஹாலோபாக்டீரியத்துக்கு அங்கே இடமில்லை.

எனவே ஒரு நுண்ணுயிர் எதைத் தாங்கும் என்று எழுதும் வரிக்குப் பக்கத்திலேயே, எதைத் தாங்காது என்றும் ஒரு வரி எழுதுவோம்.