இரையும் இணக்கமும்: ஹேமா குழு அறிக்கையின் சொற்கள் தமிழில்

கொச்சியின் இடப்பள்ளிப் பகுதியில் அலுவலகம் கொண்டுள்ள மலையாளத் திரைப்பட நடிகர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகள் இணைந்து ‘அம்மா’ என்றாகின்றன. 2024 ஆகஸ்டு 27இல் அச்சங்கத்தின் நிர்வாகக் குழு கூண்டோடு பதவி விலகியது. எட்டு நாள்களுக்கு முன் வெளியான நீதிபதி ஹேமா குழு அறிக்கையும், அதனைத் தொடர்ந்த குற்றச்சாட்டுகளும் இதற்குக் காரணமாயின. 2017இல் கொச்சியில் நடிகை ஒருவர் ஓடும் காரில் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டதன் பின் அமைக்கப்பட்ட குழு அது. 2019 டிசம்பரில் அரசிடம் அளிக்கப்பட்ட அறிக்கை நான்கரை ஆண்டுகளுக்கும் மேலாக வெளிவரவில்லை.

வன்முறையை மானக்கேடாக அன்றித் தொழில்நிலைமையாகக் கண்டதே இவ்வறிக்கையின் சிறப்பு எனலாம். கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இன்மை, எழுத்துவழி ஒப்பந்தம் இன்மை, ஊதிய வேறுபாடு, எதிர்த்தவர்க்கு வாய்ப்பு மறுப்பு ஆகியன பாலியல் துன்புறுத்தலோடு சேர்த்தே ஆராயப்பட்டுள்ளன. இப்பார்வை தமிழாக்கத்தில் நிலைக்குமா என்பது ஐயத்திற்குரியது.

நெடுங்காலம் தமிழ் இதழ்களில் வழங்கிய ‘கற்பழிப்பு’ என்னும் சொல்லில் அழிக்கப்படுவது கற்பு. பெண் அச்சொல்லுள் இல்லை. இழப்பு குடும்பத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. அவள் இழந்த கூலிக்கும் பணிக்கும் அங்கு இடமில்லை. ‘வன்புணர்வு’ இக்குறையை ஓரளவு நீக்கிற்று.

இதனினும் சிக்கலானவை, மலையாளத் திரைத்துறைப் பெண்கள் நன்கறிந்தவை என அறிக்கை சுட்டும் ‘அட்ஜஸ்ட்மெண்ட்’, ‘காம்ப்ரமைஸ்’ என்னும் இரு சொற்கள். இவற்றை ‘அனுசரித்தல்’, ‘விட்டுக்கொடுத்தல்’ எனப் பெயர்த்தால் அகராதி குறை கூறாது. ஆயினும் தமிழில் இவை மருமகளுக்குச் சொல்லப்படும் அறிவுரையின் சொற்கள். இல்லறப் பண்பின் மணம் உடையவை. மேலும், அனுசரிப்பவள் பெண் ஆதலின் வினைமுதலும் அவளே ஆகிவிடுகிறாள். கேட்டவன் தொடரிலிருந்து மறைகிறான். ‘வாய்ப்புக்கு ஈடாகக் கோரப்படும் பாலியல் இணக்கம்’ என விரித்தெழுதுவது நீளமாயினும், கோருபவன் ஒருவன் உளன் என்பதையேனும் அது காட்டும். மூலச்சொல்லை ஒலிபெயர்த்து ஒருமுறை இவ்வாறு விளக்கிச் செல்வது இன்னும் தக்கது. அது அத்தொழிலின் குழூஉக்குறி அன்றோ?

2017ஆம் ஆண்டு வழக்கையொட்டி மலையாள இதழ்களில் ‘இர’ என்பதன் இடத்தை ‘அதிஜீவித’ பெரிதும் பெற்றது. ‘இர’ தமிழ் ‘இரை’யின் இனச்சொல். ‘தீக்கு இரையானது’ என்பதுபோல் ‘காமத்திற்கு இரையானாள்’ என்று எழுதும்போது தின்றது காமம், ஆடவன் அல்லன். ‘அதிஜீவித’ இத்தொடரமைப்பையே உடைத்தது. தமிழில் பெருவழக்கான ‘பாதிக்கப்பட்ட பெண்’ இன்னும் செயப்பாட்டு வினையிலேயே நிற்கிறது. ‘மீண்டவர்’ என்பது நற்சொல்லே. ஆனால் எல்லார்க்கும் பொருந்தாது. எதிர்த்ததன் பின் படமே கிடைக்காத நடிகை எதிலிருந்து மீண்டார்? அவரைத் தமிழ் ‘தொழில் மறுக்கப்பட்டவர்’ என்றே குறிக்க வேண்டும். இங்குச் செயப்பாட்டு வினை குறையன்று, மறுத்தவர் யார் என்னும் வினாவை அது எழுப்புகிறது.