மோட்டார் பட்டறையில், பழுது வள்ளத்தில்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் ஓடும் பழைய உள்ளிணைப்பு எஞ்சின் வள்ளம் ஒன்றில் ஸ்ராட்டர் மோட்டார் படுத்துவிட்டால், புதியது வாங்கும் யோசனை கடைசியாகத்தான் வரும். இரண்டு மூன்று போல்ற்றைக் கழற்றி, மோட்டாரைச் சாக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே காபன் பிரஷ் மாற்றி, தேய்ந்த புஷ்ஷைக் கடைந்து போட்டு, கொமியூட்டேற்றரை லேத்தில் மெல்லச் சீவி, கறுத்த செப்புச் சுருளுக்குப் புது நாடா சுற்றி வார்னிஷ் ஊற்றித் தருவார்கள். மோட்டார் திரும்பவும் வள்ளத்தில் ஏறும். சில மாதத்தில் அதே மோட்டார் அதே பட்டறைக்கு வருவதும் உண்டு. இந்த வழக்கத்தைப் பாராட்டவும் வேண்டும், கடுமையாகக் கேள்வி கேட்கவும் வேண்டும்.

பாராட்டுக்குரிய பக்கம் பெரியது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளோ பற்றரியோ உதிரிப்பாகமோ குடாநாட்டுக்குள் சீராக வரவில்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வானொலிக்குச் சைக்கிள் டைனமோ மின்சாரம் கொடுத்தது. ஓஸ்ரின் ஏ40 கார்களைச் சாகவிடாமல் வைத்திருந்தார்கள். கிளாலிக் கடனீரேரியைச் சனம் இரவில் கடந்ததும் இப்படிப் பார்த்துப் பார்த்து ஓட வைத்த எஞ்சின்களை நம்பித்தான். 1985 மே 15இல் படுகொலை நடந்த குமுதினிப் படகுகூட, திருத்தித் திருத்தி அதன் பின்னரும் பல ஆண்டுகள் நெடுந்தீவுச் சனத்தை ஏற்றிச் சென்றது. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனபோது இந்தக் கைத்தொழில் மறுபடியும் பலரைக் காப்பாற்றியது.

பழைய ஸ்ராட்டர்களும் திருத்துவதற்கென்றே செய்யப்பட்டவை. லூக்காஸ், சிஏவி போன்ற பிரித்தானிய மோட்டார்களில் கனத்த வார்ப்பு உடலும், தடித்த செப்புப் பட்டையால் ஆன காந்தச் சுருளும் இருக்கும். எல்லாம் திருகாணியில் கழலும், ஈயப்பற்றில் பிரியும். இன்று மலிவாகக் கிடைக்கும் பற்சக்கரக் குறைப்பு ஸ்ராட்டர்களில் பலவற்றுக்குள் சுருளுக்குப் பதில் நிலைக்காந்தத் துண்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். உப்பு உள்ளே போய் இரும்பு பொருமினால் காந்தம் வெடித்துக் கழன்று ஆமேச்சரை இறுக்கிவிடும். அதன் பிறகு பட்டறைக்காரர் செய்வதற்கு எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்தப் புதிய வகை எடை குறைந்தது, குறைந்த மின்னோட்டத்திலேயே எஞ்சினை வேகமாகச் சுற்றும். தளர்ந்த பற்றரி உள்ள வள்ளத்துக்கு அது உண்மையான நன்மை.

இனிக் குறை. பட்டறைக்கு மோட்டார் மட்டும்தான் போகிறது, வள்ளம் போவதில்லை. ஸ்ராட்டர் சுழலவில்லை என்றால் குற்றம் ஸ்ராட்டரில்தான் என்ற முடிவு, அதைக் கழற்றும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. ஒரு டீசல் எஞ்சினைச் சுற்ற 12 வோல்ற் ஸ்ராட்டர் சில நூறு அம்பியரை இழுக்கும். இருநூறு அம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ற் அங்கே தொலைந்துவிடும். பற்றரி முனையில் பூத்த வெள்ளை, வயரின் உறைக்குள் பச்சையாய்ப் போன செம்பு, எஞ்சின் உடலில் துரு மேல் முடுக்கிய ஏர்த் வயர் எல்லாம் அந்த நூறில் ஒரு பங்கைச் சுலபமாகச் சேர்த்துவிடும். டீசலுக்குத் தீப்பொறி கிடையாது; அழுத்தத்தில் காற்று சூடேறித்தான் எரிபொருள் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர்ச் சுவருக்குள் இறங்கிவிடும், எஞ்சின் பிடிக்காது. ஓட்டி சாவியை விடாமல் அமத்திக்கொண்டிருப்பார். மோட்டார் வெந்து, வார்னிஷ் கருகி மணக்கும். அப்போது மோட்டார் உண்மையிலேயே பழுதாகிவிடும், ஆனால் அதைப் பழுதாக்கிய வயர் வள்ளத்திலேயே இருக்கும். திருத்திக் கொண்டுவந்த மோட்டாரையும் அதே வயரில்தான் பூட்டுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மற்றதை ஸ்ராட்டரின் தடித்த போல்ற்றிலும் வைத்து, எஞ்சினைச் சுற்றும்போது பார்க்க வேண்டும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் முதலில் வயரையும் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஏர்த் பக்கத்திலும் அப்படியே. ஐந்து நிமிட வேலை. மோட்டாரைக் கழற்றும் முன் இதைச் செய்யாதது அறிவுக் குறைவால் அல்ல. வேலை இரண்டு இடமாகப் பிரிந்து கிடப்பதால் வள்ளக்காரர், பட்டறைக்காரர் இருவரில் எவருடைய பொறுப்பிலும் அது வருவதில்லை.

இரண்டாவது குறை சோதனையில் இருக்கிறது. வைண்டிங் முடிந்ததும் மோட்டாரை நிலத்தில் வைத்துக் காலால் அமத்திப் பற்றரியில் தொடுவார்கள். அது சீறிக்கொண்டு சுற்றும். வந்தவருக்கும் திருப்தி, செய்தவருக்கும் திருப்தி. பாரமில்லாமல் சுற்றும் மோட்டார் எதையும் நிரூபிப்பதில்லை. ஆமேச்சருக்கும் அதைச் சூழ்ந்த காந்த முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. புஷ் சற்றுத் தளர்ந்திருந்தால் வெறுமனே சுற்றும்போது தெரியாது. எஞ்சினின் அழுத்தம் ஏறும்போது ஆமேச்சர் சரிந்து உரசி நிற்கும். எண்ணெய் ஊறிய வெண்கல புஷ் இருந்த இடத்தில் சாதாரண பித்தளையைக் கடைந்து போடுவது இதை இன்னும் விரைவாக்கும்.

மாற்றுவதே சரி என்ற கட்சியிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. உடல் வெடித்த மோட்டாரையும் ஆமேச்சர் உருகிய மோட்டாரையும் திருத்த முனைவது வீண். ஆனால் மாற்றும்போது லொறிக்குரிய ஸ்ராட்டர் போல்ற் துளைக்குப் பொருந்துகிறது என்பதற்காகப் பூட்டிவிடக் கூடாது. சில கடல் எஞ்சின்களில் ஸ்ராட்டரின் ஏர்த் எஞ்சின் உடலோடு சேராமல் தனி வயரில் திரும்பும். அங்கே லொறி மோட்டாரைப் போட்டால் அந்தப் பிரிப்பு இல்லாமற்போய், கசியும் மின்னோட்டம் தண்ணீருக்குக் கீழுள்ள உலோகத்தைத் தின்னத் தொடங்கலாம். பெற்றோல் எஞ்சின் என்றால் ஆபத்து வேறு. காற்றைவிடக் கனமான பெற்றோல் ஆவி வள்ளத்தின் அடியில் தேங்கி நிற்கும். பொறி வெளியே வராதபடி மூடிய ஸ்ராட்டர் அங்கே கட்டாயம்.

மீன்பிடி வள்ளக்காரர் தன் ஆபத்தைத் தானே எடைபோடலாம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஆட்களை ஏற்றும் படகுக்கு அந்த உரிமை இல்லை. 2017இல் நெடுந்தாரகை என்ற புதிய பயணிகள் படகு வந்தபோதும் தீவாரின் பயணம் பழைய படகுகளை விட்டு முற்றாக விலகவில்லை. ஸ்ராட்டரில் சந்தேகம் உள்ள ஓட்டி இறங்குதுறையில் எஞ்சினை நிறுத்தாமலே விடுவார். அது கரையில் உதவும். சோளகக் காற்று எழும்பிய கடலில், நடுவழியில் டீசலில் காற்றுப் புகுந்து எஞ்சின் நின்றால் அதைத் திரும்ப எழுப்ப அந்த ஸ்ராட்டர்தான் வேண்டும். ஆதலால் என் தீர்ப்பு இது: பழைய மோட்டாரைத் திருத்துங்கள், அது பெரும்பாலும் புதுப் போலியைவிட நல்லது. ஆனால் ஆட்களை ஏற்றும் படகில் சோதித்த இன்னொரு ஸ்ராட்டரும் தனியாக ஒரு பற்றரியும் இருக்கவே வேண்டும். படகின் தகுதியைச் சோதிக்க வருபவர்கள் உயிர்காப்பு அங்கிகளை எண்ணுவதோடு நிற்காமல், சூடான எஞ்சினை நிறுத்தித் திரும்ப ஸ்ராட் பண்ணிக் காட்டச் சொல்ல வேண்டும்.

சுருளுக்கு நாடா சுற்றத் தெரிந்த கைகள் மூப்படைகின்றன. கிளிநொச்சியில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் படித்து வரும் பிள்ளைகளுக்கு மீற்றர் பிடிக்கத் தெரியும், பழைய லூக்காஸைப் பிரிக்கச் சந்தர்ப்பம் குறைவு. இரண்டு அறிவும் ஒரே பட்டறையில் சேர வேண்டும். தொடக்கமாக, திருத்திய ஒவ்வொரு மோட்டாரிலும் ஒரு தகட்டுத் துண்டைக் கட்டி அனுப்பலாம்: திருத்திய திகதி, மாற்றிய பாகம், வள்ளத்தில் பூட்டி எஞ்சினைச் சுற்றியபோது இழுத்த அம்பியர், அப்போது வயரில் தொலைந்த வோல்ற். கடைசி இரண்டு எண்ணையும் நிரப்ப, பட்டறைக்காரர் ஒருமுறையாவது இறங்குதுறைக்கு வந்தாக வேண்டும்.