கல்லும் காணியும்

போரில் விழுந்தவனுக்கு நம் முன்னோர் கல் நட்டார்கள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை அதற்கு முறை வகுத்திருக்கிறது தொல்காப்பியம். கல்லோடு நிலமும் கொடுத்தார்கள் என்பதுதான் அதிகம் பேசப்படாத செய்தி. நடுகற்களிலும் கல்வெட்டுகளிலும் வரும் நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்ற சொற்கள் மாண்ட வீரனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிப்பவை. கல் போனவனுக்கு, காணி இருப்பவர்களுக்கு. இன்றைய நினைவுநாட்களை நிறுத்துப் பார்க்க இந்தத் தராசே போதும்.

தாம்பரத்திலிருந்தே தொடங்கலாம். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்துக் காசிபத்ரி கிராமத்தில் நடந்த சண்டையில் 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் பிரிவைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 31. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் படித்தவர், பறங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் தேறி 2006-இல் ராணுவத்தில் சேர்ந்தவர். 2015 குடியரசு நாளில் அவருடைய மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் டெல்லியில் அசோக சக்கர விருதைப் பெற்றுக்கொண்டார். 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படம் அந்தக் கதையைத் தமிழ்நாட்டின் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்த வகை நினைவுகூரலின் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. காஷ்மீர் நமக்குச் செய்தியில் வரும் இடம். நாம் பார்த்த கல்லூரியில் படித்து, நாம் ஏறும் மின்சார ரயிலில் போய்வந்த ஒருவர் அங்கே இறந்தார் என்னும்போது அந்தத் தொலைவு சுருங்குகிறது. போரைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவருக்கும், அதன் விலையை எங்கோ ஒரு வீடு கொடுக்கிறது என்பது உறைக்கிறது. துக்கம் அந்த ஒரு வீட்டோடு நின்றுவிடாமல் ஊர் அதைப் பங்கிட்டுக்கொள்கிறது. நினைவுநாள்கள் போரைக் கொண்டாடுகின்றன என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில்: மறந்துபோன சமூகம் அடுத்த போருக்கு இன்னும் எளிதாகத் தலையாட்டும்.

ஆனால் இந்த வழக்கம் ஒரே ஒரு முகத்தைத் தேடுகிறது. அதன் முதல் குறை இதுதான். காசிபத்ரியில் அன்று மேஜரோடு சேர்ந்து சிப்பாய் விக்ரம் சிங்கும் இறந்தார். படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்? முகம் கிடைத்துவிட்டால் அதற்கு உரிமை கொண்டாடவும் ஆள் வந்துவிடுகிறது. படம் வெளியானதும் முகுந்தின் சாதி ஏன் காட்டப்படவில்லை என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. அவரை இந்தியராகவும் தமிழராகவும் காட்டினால் போதும் என்பதே குடும்பத்தின் விருப்பம் என்று இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி விளக்க வேண்டியதாயிற்று. சாதியைக் கடந்து நின்ற உயிரை அதற்குள்ளேயே இழுத்து அடைக்கப் பார்ப்பதை அஞ்சலி என்று சொல்ல முடியாது.

இரண்டாவது குறை, சண்டையில் சாகாதவர்களை நாம் சீக்கிரம் கைவிட்டுவிடுவது. 2016 ஜூலை 22 காலை தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் வங்கக் கடலின் மேல் காணாமல் போனது. அதில் இருந்தவர்கள் 29 பேர். அவர்களில் எட்டுப் பேர் சீருடை அணியாத பாதுகாப்புத் துறை ஊழியர்கள். ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில்தான் விடை வந்தது: சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடந்தன. கண்டுபிடித்தது பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி. விமானம் கிளம்பிய ஊரும் அதைத் தேடிக் கண்ட ஊரும் ஒரே சாலையில் இருப்பவை. ஆனாலும் ஜூலை 22 என்று சொன்னால் இந்தப் புறநகரில் எத்தனை பேருக்குப் பொறி தட்டும்? அந்தச் சாவில் எதிரி இல்லை, குண்டு இல்லை, எனவே கதையும் இல்லை. வீட்டில் காத்திருந்தவர்களுக்கு மட்டும் துக்கத்தில் எந்தக் குறைவும் இருந்திருக்காது.

நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போனால் வேறொரு முறையைப் பார்க்கலாம். 1952-இல் அமைந்த அந்த இடத்தில் இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850-க்கும் மேற்பட்டவர்கள் உறங்குகிறார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், ஒரே வகை எழுத்து. போரிட்டு இறந்தாரா, காய்ச்சலில் இறந்தாரா என்று கல் தரம் பிரிப்பதில்லை. இந்தச் சமத்துவத்திலும் ஓட்டை உண்டு. முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் பலருக்கு உரிய நினைவுச் சின்னம் வைக்கப்படவில்லை என்று, இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தக் குறை கொள்கையில் இல்லை, அதைக் கடைப்பிடித்ததில்தான் இருந்தது. நம் நினைவுநாட்களில் அப்படி ஒரு கொள்கையே இன்னும் உருவாகவில்லை.

இனி காணிக்கு வருவோம். ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாள், 1949-இலிருந்து நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் சின்னக் கொடியைக் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போடுகிறார்கள். நினைவையும் உதவியையும் ஒன்றாகப் பிணைத்த, பழைய உதிரப்பட்டிக்கு மிக நெருங்கி வரும் ஏற்பாடு இது. மேடையும் மாலையும் அதிகம் இல்லாததாலோ என்னவோ, பேச்சும் அதைப் பற்றி அதிகம் இல்லை.

பேசப்பட வேண்டியவை வேறு சிலவும் உண்டு. வீர விருது பெற்றவரின் விதவை மறுமணம் செய்துகொண்டால், விருதோடு வரும் மாதத் தொகை நின்றுவிடும். கணவனின் தம்பியையோ அண்ணனையோ மணந்தால் மட்டும் தொடரும். இந்த விதி 2017 நவம்பர் வரை நடைமுறையில் இருந்தது. மேடையில் வீராங்கனை என்று வாழ்த்தப்பட்ட பெண்ணின் வாழ்க்கையைக் கோப்பு இப்படித்தான் பார்த்தது. இன்றைக்கு, பணியில் இறக்கும் அக்னிவீரரின் குடும்பத்துக்குக் காப்பீடும் கருணைத் தொகையும் உண்டு, குடும்ப ஓய்வூதியம் கிடையாது. ‘தியாகி’ என்ற சொல்லுக்குப் படைகளில் வரையறை இல்லை என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. நாம் தாராளமாக வழங்கும் பட்டம், குடும்பத்தின் கைக்கு எதையும் கொண்டுவராது.

குடும்பத்தினரை மேடையேற்றும் முறையையும் யோசிக்க வேண்டும். பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, கடைசியாக எப்போது பேசினார் என்று கேட்பது மரியாதை ஆகாது. அழுகையைப் படம் பிடித்தால் நிகழ்ச்சி வெற்றி என்ற கணக்கு அதில் ஒளிந்திருக்கிறது. வர விரும்பாதவரைக் கூப்பிடாமல் இருப்பதும் கௌரவம்தான்.

மொத்தத்தில், நாம் கல்லை நன்றாகவே நடுகிறோம், காணியைத்தான் மறந்துவிடுகிறோம். இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான குறைதீர்ப்புக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. அவற்றில் ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 25-ஐ ஒட்டி, தாம்பரத்திலேயே வைக்கலாம். காலையில் மலரஞ்சலி, அதே மண்டபத்தில் மதியம் ஓய்வூதிய நிலுவை, பட்டா, பிள்ளைகளின் படிப்பு உதவி பற்றிய மனுக்கள். அஞ்சலியில் படிக்கப்படும் பெயர்ப் பட்டியலில் முகுந்த் வரதராஜனுக்குப் பக்கத்தில் விக்ரம் சிங்கும், ஏஎன்-32-இல் போன 29 பேரும் இருக்கட்டும். மாலையில் மண்டபத்தைப் பூட்டும்போது எத்தனை மாலைகள் விழுந்தன என்பதை விட்டுவிட்டு, எத்தனை மனுக்கள் தீர்ந்தன என்று எண்ணுவோம்.