தாமதமாவது துணைநூலா, மூலநூலின் மீதியா?

பாத்திரமேற்று ஆடும் அறிவியல் புனைவு மேசை விளையாட்டுகளில், துணைநூல் சொன்ன தேதிக்கு வருவது அபூர்வம். பினாங்கின் பாயான் பாருவில் இருப்பவருக்கோ அச்சு முடிந்த பிறகும் கப்பலில் வரும் பெட்டிக்காக இன்னொரு காத்திருப்பு உண்டு. பதிப்பாளரின் சோம்பல் என்று திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் எல்லாத் தாமதமும் ஒரே குற்றமல்ல. கையில் இருக்கும் மூலநூலை வைத்து இன்றிரவே ஆட முடியுமா என்பதைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மார்க் மில்லர் வடிவமைத்து, அமெரிக்காவின் ஜிடிடபிள்யூ நிறுவனம் 1977இல் வெளியிட்ட ‘டிராவலர்’ ஒரு பெட்டியில் மூன்று சிறு கறுப்புப் புத்தகங்களாக வந்தது. அதில் ஆயத்த விண்வெளி வரைபடம் எதுவும் இல்லை. 439 உலகங்களைப் பட்டியலிட்ட ‘ஸ்பின்வர்ட் மார்ச்சஸ்’ துணைநூல் 1979இல்தான் வந்தது. அதுவரை ஆட்டம் நின்றுவிடவில்லை. பகடை உருட்டினால் ஓர் உலகம் பிறக்கும் முறை மூலப் பெட்டியிலேயே இருந்தது: விண்துறைமுகத்துக்கு ஓர் எழுத்து, பிறகு உலகின் அளவு, காற்று, நீர், மக்கள், ஆட்சி, சட்டம், கடைசியில் தொழில்நுட்பம். எட்டே குறிகளில் ஒரு கோளின் சாதகம் கிடைத்துவிடும். நமது தமிழ்ப் பேரகராதியும் இப்படித்தான். ஆறு தொகுதிகள் முடிய 1924 முதல் 1936 வரை ஆயிற்று. துணைத்தொகுதி 1939இல் வந்தது. அதற்காக யாரும் அகராதியைப் புரட்டாமல் இருந்துவிடவில்லை.

அதே விளையாட்டின் பிந்தைய பதிப்பான ‘டிராவலர் 5’ கதை வேறு. 2012இல் கிக்ஸ்டார்ட்டர் கூட்டுநிதித் தளத்தில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் டாலர் திரட்டி, 2013இல் அறுநூறு பக்கத்தைத் தாண்டிய நூலாக வந்தது. பிழைதிருத்தப் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. திருத்திய பதிப்பு மூன்று நூல்களாக 2019இல்தான் கிடைத்தது. இங்கே தாமதமானது துணைநூலல்ல, மூலநூலின் மீதி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சில்லு சோதிப்பவர்களுக்குப் பிழைப்பட்டியல் புதிதல்ல; பட்டியலே பொருளைவிடக் கனத்தால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்றும் நமக்குத் தெரியும்.

“காசு கட்டியவனுக்கு எந்தத் தாமதமும் மோசடிதானே?” என்பார்கள். 1979இல் நூல் கடைக்கு வந்த பிறகே காசு கைமாறியது. இன்று எழுதி முடிக்கும் முன்பே மாறுகிறது. அந்த அளவுக்கு அவர்கள் கோபம் நியாயமே. ஆனால் இதற்கு மருந்து பதிப்பாளரை விரட்டுவதல்ல. விரட்டினால் 2013இன் பிழை மலிந்த நூலின் கதைதான் திரும்பும். இப்போது ‘டிராவலரை’ வெளியிடும் பிரிட்டனின் மங்கூஸ், அச்சுநூலுக்கு முன்பதிவு செய்பவருக்குப் பிடிஎஃப் கோப்பை முதலிலேயே தந்துவிடும் வழக்கம் உடையது. திரையில் படித்தால் நூலாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாதுதான், தாளின் சுகம் தனி. ஆனாலும் ஆட்ட நடுவருக்கு அட்டவணை கிடைத்துவிடுகிறது. பெட்டி கடலில் மெதுவாக வரட்டும்.

ஆகவே அடுத்த முன்பதிவுக்குக் காசு கட்டும் முன் இரண்டைக் கேளுங்கள்: எழுதி முடித்தாயிற்றா? கோப்பு இன்றே வருமா? இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றால் கட்டாதீர்கள்.