எந்த எழுத்தில் நின்றது?

"ஆன் ஆகுது சார், ஆனா உள்ள போக மாட்டேங்குது" என்று பழைய லேப்டாப்பை யாராவது நீட்டினால் இன்றைக்கும் எனக்குள் ஒரு சின்னத் துள்ளல். நீட்டுகிறவர் முகம் வாடியிருக்கும் என்பதால் வெளியே காட்டிக்கொள்வதில்லை. அடியோடு உயிரில்லாத லேப்டாப் என்றால் அது போர்டு வேலை பார்க்கிறவர்கள் சமாசாரம். ஒழுங்காக ஓடுகிற லேப்டாப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? விசிறி சுற்றி, திரை வெளுத்து, ஏதோ சொல்ல வாயெடுத்து அப்படியே நின்றுவிடுகிறதே, ருசி அங்கேதான்.

எங்கே நின்றது என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. "கறுப்பா, இங்கிலீஷ்ல ஏதோ ஒரு லைன்." அந்த ஒரு லைன்தானே எல்லாம்! "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" என்றால் பேசுவது பயாஸ். "மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" என்றால் டிஸ்க்கின் முதல் செக்டரில் இருக்கும் எம்பிஆர் வாய் திறந்திருக்கிறது. டிஸ்க் தெரிந்து, முதல் செக்டரைப் படித்து, கடைசி இரண்டு பைட்டில் 55 ஏஏ முத்திரையும் பார்த்த பிறகுதான் அந்த வரி வரும். "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" அதற்கும் ஒரு படி உள்ளே, பார்ட்டிஷன் வாசலில் நின்று கூப்பிடுகிற குரல். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "ஓஎஸ் போயிடுச்சு" என்பவரோடு எனக்குப் பேச்சில்லை. மேடையில் பாடுவது யார் என்றே பார்க்காமல் தலையாட்டுகிற ஆள் அவர்.

நின்ற இடத்தைச் சொல்வதில் லிலோவுக்கு இணை கிடையாது. நண்பர்கள் கொட்டாவி விடும் அளவுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவையும் சொல்வேன். வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் 1992-இல் எழுதிய அந்த லினக்ஸ் பூட் லோடர் தன் பெயரின் நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாகத் திரையில் வைக்கும். எல், ஐ, எல், ஓ. முதல் எல் விழுந்தால் முதல் கட்டம் ஓடத் தொடங்கிவிட்டது. ஐ விழுந்தால் இரண்டாம் கட்டத்தை டிஸ்க்கிலிருந்து கொண்டுவந்தாகிவிட்டது, இனி அதற்குள் குதிக்க வேண்டும். அடுத்த எல், குதித்தாகிவிட்டது. ஓ, மேப் ஃபைலிலிருந்து எடுக்க வேண்டிய அட்டவணையும் கைக்கு வந்துவிட்டது. எல் மட்டும் விழுந்து பின்னால் எண்களாகக் கொட்டினால் டிஸ்க்கைப் பார். எல்-ஐ என்று நின்றால், டிஸ்க்கின் வடிவக் கணக்கில் பயாஸும் லிலோவும் ஒத்துப்போகவில்லை, அல்லது யாரோ பூட் கோப்பை நகர்த்திவிட்டு லிலோவுக்குச் சொல்லவில்லை. எல்-ஐ-எல் வந்து அடுத்து ஒரு கேள்விக்குறி என்றால் இரண்டாம் கட்டம் தப்பான முகவரியில் போய் உட்கார்ந்திருக்கிறது. கேள்விக்குறிக்குப் பதில் ஒரு சிறு கோடு என்றால் அட்டவணை கெட்டிருக்கிறது. ஒரே ஒரு குறியில் இவ்வளவு!

இப்படி எழுதியது அழகுக்காக என்று நினைக்க வேண்டாம். முதல் செக்டரின் 512 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, முத்திரைக்கு 2 போனால் மீதி 446. அதற்குள் வேலையையும் செய்ய வேண்டும், நின்றால் காரணமும் சொல்ல வேண்டும். ஒரு முழு வாக்கியம் எழுத இடம் ஏது? தந்தி ஆபீஸில் சொல்லுக்குக் காசு என்பதால் செய்தி சுருங்கியது. இங்கே எழுத்துக்கே காசு.

கிரப் என்ற இன்னொரு பூட் லோடரின் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் தொண்டையைக் கனைப்பார்கள். லிலோவுக்கு ஃபைல் சிஸ்டமே தெரியாதே, டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் கர்னல் கிடக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறதே, கர்னலை மாற்றிவிட்டு ஒரு தடவை லிலோ கட்டளையை ஓட்ட மறந்தால் மறுநாள் காலை அம்போதானே என்பார்கள். உண்மைதான். வீட்டுப் பூட்டை மாற்றியவன் பழைய சாவியோடு வெளியே போனால் அது பூட்டின் குற்றமா? கிரப்பின் ரெஸ்க்யூ நிலையிலிருந்து நானும் எல்எஸ் போட்டு, பார்ட்டிஷனைத் தேடிப் பிடித்து, ப்ரீஃபிக்ஸ் வைத்து, நார்மலை ஏற்றிக் கரை சேர்ந்திருக்கிறேன். அந்த மரியாதை உண்டு. ஆனால் பழைய கிரப் காட்டிய எர்ரர் 17, எர்ரர் 22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 17 என்றால் பார்ட்டிஷனை மவுன்ட் செய்ய முடியவில்லை, 22 என்றால் அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லை. எது முந்தி, எது பிந்தி என்று எண்ணைப் பார்த்தால் தெரியுமா? எல்-ஐ என்பது எல்லுக்கு ஒரு படி மேலே என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. என் கட்சி அவ்வளவுதான்.

இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்றவைத்தவர் ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் இருந்த அண்ணன். கீழே தெருவில் ஸ்பீக்கரும் வயர் சுருளும் மெமரி கார்டும் கூவி விற்றுக்கொண்டிருப்பார்கள்; மேலே அவர் டேபிள் ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். லேப்டாப் வந்ததும் ஸ்க்ரூடிரைவரைத் தொட மாட்டார். பவர் பட்டனை அழுத்திவிட்டு டிஸ்க் இருக்கும் பக்கமாக உள்ளங்கையை வைப்பார். தட்டு சுழன்று வேகமெடுத்து நிலைக்கு வந்து, ஹெட் ஒரு தடவை "கிர்ர்" என்று தடவிப் பார்க்கும். அது வந்தால் முகத்தில் ஒரு தெளிச்சி. "டக்... டக்..." என்று ஒரே கதியில் அடித்துக்கொண்டிருந்தால் உடனே அணைத்துவிட்டு, வந்தவரிடம் மெதுவாகக் கேட்பார்: "உள்ள முக்கியமான ஃபைல் ஏதாச்சும் இருக்கா?"

ஒருநாள் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் துணிப்பையில் லேப்டாப்போடு ஏறி வந்தார். எக்ஸ்பி. லோகோ வரும், கண் சிமிட்டும் நேரம் ஒரு நீலம் தெரியும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஏற்கெனவே இரண்டு கடையில் "ஃபார்மட்தான்" என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே பல வருஷமாக அவர் எழுதிவந்த உரை இருந்தது, எல்லாம் பழைய எழுத்துருவில்.

அண்ணன் எஃப்8 அழுத்தி, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுத்தார். ஓடிக்கொண்டிருந்த நீலம் இப்போது நின்று தெரிந்தது. அடியில் வரிசையாகச் சைபர், கடைசியில் 7பி.

"ஐயா, இதுல டைம் ஒழுங்கா காட்டிட்டிருந்துச்சா?"

"இல்ல தம்பி. கொஞ்ச நாளா பின்னாடியே போகும். நான்தான் அப்பப்ப திருத்தி வைப்பேன். பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு பத்து நாள் கழிச்சு வந்து போட்டேன், இப்படி ஆயிடுச்சு."

"சார்ஜர்ல போட்டுட்டுப் போனீங்களா?"

"கழட்டி வெச்சிட்டுல்ல போனேன்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு விளங்கவில்லை. பயாஸுக்குள் போய்த் தேதியைக் காட்டினார். வருஷக்கணக்கில் பின்னால் கிடந்தது. இரண்டு பக்கம் தள்ளி, சாட்டா என்ற வரியில் விரலை வைத்தார். ஏஹெச்சிஐ என்றிருந்தது. அதைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றிச் சேமித்து வெளியே வந்தார். எக்ஸ்பி ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நின்று பாட்டுப் பாடியது. பட்டன் செல் தீர்ந்து, பத்து நாள் கரண்ட் இல்லாமல் கிடந்து, பயாஸ் தன் சொந்த இயல்புக்குத் திரும்பியிருக்கிறது. ஐடிஇ முறையில் ஏற்றிய எக்ஸ்பிக்கு அந்தப் புது வழியில் டிஸ்க்கைத் தொடத் தெரியவில்லை. அவ்வளவு வருஷத்து எழுத்தும் ஒரு காபி விலையுள்ள செல்லால் காணாமல் போக இருந்தது. செல்லை மாற்றிவிட்டு அதற்கு மட்டும் காசு வாங்கினார். ஆசிரியர் படியிறங்கியதும் என்னிடம், "ஒரே எடத்துல நின்னா அதுக்குக் காரணம் எழுதி வெச்சிருக்கும். எடம் மாறி மாறி நின்னாத்தான் மெமரி, சூடுன்னு பார்க்கணும்" என்றார். அதைவிட நல்ல பாடத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

மெமரி என்றதும் பழைய வழக்கு ஒன்று. அதன் முலாம் பூசிய கால்களை ரப்பரால் தேய்ப்பதா, ஐபிஏ என்கிற ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதா? அண்ணன் ரப்பர் கட்சி. பென்சில் ரப்பர் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். நான் ஐபிஏ. முலாம் என்பது பூச்சுதான். தேய்க்கத் தேய்க்கக் குறையும், ரப்பர் தூள் வேறு ஸ்லாட்டுக்குள் விழும். இதை அவரிடம் நேருக்கு நேர் சொன்னதில்லை. சொன்னால் அந்த ரப்பரைக் காட்டிச் சிரித்திருப்பார்.

இன்றைக்கு வருகிற லேப்டாப்பில் மெமரியே பல சமயம் போர்டோடு ஒட்டிப் பிறக்கிறது. தேய்க்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. எஸ்எஸ்டி நல்ல வேகம், மறுக்கவில்லை. ஆனால் அதன் மேல் கையை வைத்தால் என்ன தெரியும்? போகும்போது சொல்லாமல் போகிறது. கோளாறு வந்தால் ஒரு லோகோ, அதன் கீழே சுற்றுகிற புள்ளிகள், பிறகு ஏதோ தவறாகிவிட்டது என்று ஒரு மொட்டை மன்னிப்பு. எந்தப் படியில், யார் பேசுவது, ஒன்றும் கிடையாது. இயந்திரம் பேசுவதை நிறுத்தியதும் கடைக்காரர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். லேப்டாப் மேஜையைத் தொடும் முன்பே பென் டிரைவ் கையில் ஏறிவிடுகிறது, "ஃபார்மட் அடிச்சிடலாமா?"

இன்னொரு வருத்தம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் இன்ஸ்டாலர் இல்லை. அதற்கும் முன்பே பல லினக்ஸ் பதிப்புகள் பிஏஇ என்ற மெமரி வசதி இல்லாத செயலியை வாசலிலேயே திருப்பி அனுப்பத் தொடங்கிவிட்டன. பென்டியம் எம் ரகத்தில் ஆரம்ப காலத்தில் வந்தவற்றுக்கு ஒரு விசித்திரம் உண்டு. பிஏஇ உள்ளே இருக்கும். கேட்டால் இல்லை என்று சொல்லும். பூட் வரியில் ஃபோர்ஸ்பிஏஇ என்று ஒரு சொல் தட்டினால் எழுந்து நடக்கும். கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்த அனுமாருக்கு ஜாம்பவான் நினைவுபடுத்திய மாதிரி. அப்படி எத்தனை லேப்டாப் எடைக்குப் போயிற்றோ.

லிலோவை வளர்ப்பதும் 2015 டிசம்பரோடு நின்றுவிட்டது. ஆனால் 2022-இல் வந்த ஸ்லாக்வேர் 15 அதைக் கைவிடவில்லை. என் வீட்டு அலமாரியில் இருக்கும் ஐடிஇ டிஸ்க் லேப்டாப் ஒன்றில் அந்த ஜோடிதான் ஓடுகிறது. போன மார்கழியில் ஒரு விடிகாலை அதைப் போட்டேன். எல். பிறகு 80, 80, 80 என்று திரை முழுக்க. டிஸ்க்கிலிருந்து பதில் வரவில்லை, நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

"இன்னும் அத வெச்சிட்டு என்ன பண்றீங்க, தூக்கிப் போடுங்க" என்று சமையலறையிலிருந்து குரல்.

அணைத்தேன். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டேன். உள்ளங்கையை டிஸ்க் பக்கம் வைத்தேன். தட்டு வேகமெடுக்க வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஆயிற்று. பிறகு அந்த "கிர்ர்". எல். ஐ. எல். கொஞ்சம் தயங்கி, ஓ. பின்னாலேயே கர்னல் ஏறுகிற புள்ளிகள். முதல் வேலையாக எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கப் போட்டேன். அது முடிகிற வரை கையை எடுக்கவில்லை. பக்கத்தில் வைத்த காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.