மடக்கு சைக்கிள்: தேர்வும் மாற்றமும்

மடக்கு சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எடையையும் கியர் எண்ணிக்கையையும் ஒப்பிடுகிறார்கள். ஆற்காட்டுப் பகுதியில் அதற்கு முன் பார்க்க வேண்டியது, மடக்கிய வண்டி எவ்வளவு தடிமன் என்பது. வண்டியை ரயிலில் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதே காரணம். வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை எல்லாம் ஒரே ரயில் பாதையில் வருகின்றன. ஆற்காடு நகரமோ அந்தப் பாதையை விட்டு, பாலாற்றுக்குத் தெற்கே இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கிய பிறகு மிஞ்சும் இந்த மாதிரித் தொலைவுக்காகவே மடக்கு சைக்கிள்.

பயணிகள் பெட்டிக்குள் கொண்டுசெல்லும் பெட்டிகளுக்கு ரயில்வே வைத்திருக்கும் அளவு 100 × 60 × 25 செ.மீ. 16 அங்குலச் சக்கரமுள்ள பிராம்ப்டன் மடங்கினால் 27 செ.மீ. தடிமன் இருக்கும். டாஹோன், டெகாத்லானின் டில்ட் போன்ற 20 அங்குல வண்டிகள் அதைவிடப் பருமன். அளவுகோலை வைத்தால் எதுவுமே தேறாது. ஆனாலும் கூட்ட நேரத்தில் இருக்கைக்கு அடியிலோ கதவோரத்திலோ ஒதுக்கி வைக்க ஒவ்வொரு செ.மீ.யும் முக்கியம். அதனால் கழற்றவோ மடக்கவோ கூடிய பெடல், விலை குறைந்தாலும் பலன் நிறைந்த மாற்றம்.

டயர் விஷயத்தில் நிலைமை தலைகீழ்: 20 அங்குல வண்டிக்கே வசதி. 20 அங்குலம் என்ற ஒரே பெயரில் 406 மி.மீ., 451 மி.மீ. என்று இரண்டு ரிம்கள் உண்டு. 16 அங்குலத்திலும் 305, 349 என்று இரண்டு. 20 × 1.75 என்று போட்ட சிறுவர் சைக்கிள் டயர் 406 ரிம்முக்குச் சேரும் என்பதால் சாதாரண சைக்கிள் கடையிலேயே கிடைத்துவிடும். பிராம்ப்டனின் 349 டயரை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். வேகம் கூடும் என்று 406 ரிம்மைக் கழற்றி 451 போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆரம் 22.5 மி.மீ. கூடிவிடுவதால் பழைய பிரேக் கட்டை ரிம்மைத் தொடாது; மடக்கும்போது சக்கரம் சட்டத்தில் இடிக்கவும் கூடும்.

நியாயமான மாற்றம் பல்சக்கரங்கள். 28 அங்குலப் பழைய சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல் இருந்தால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் நகரும். அதே பற்கள் 20 அங்குல வண்டியில் 3.8 மீட்டர்தான் தரும். கால் ஓயாமல் சுழலும். 52, 15 என்று மாற்றினால் பழைய 5.4 மீட்டர் திரும்பக் கிடைக்கும். மேம்பால ஏற்றத்துக்கு அது கனக்கும். பின்னே பெரிய பல் ஒன்று தேவைப்படும். மலை சைக்கிளின் நீண்ட கியர் மாற்றியை (டிரெய்லியர்) இதற்காக மாட்டினால், சிறு சக்கரத்தில் அது தரையில் உரசக்கூடும்.

தோல் சீட் பலருடைய ஆசை. பர்மிங்ஹாமில் 1866இல் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் வகைச் சீட்டுக்குத் தாவரப் பட்டைகளால் பதனிட்ட தடித்த மாட்டுத்தோல் வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் செருப்பு, ஷூக்களின் மேல்பாகத்துக்காகப் பதனிடும் மெல்லிய குரோம் தோல் ஆள் பாரத்தில் தொய்ந்துவிடும். தோல் நகரத்தில் இருந்துகொண்டே சீட்டை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது!

எந்த மாற்றமும் எளிதில் எட்டாத இடம் சட்டத்தின் நடுக் கீல். தாழ்ப்பாளின் இறுக்கத்தைச் சரிசெய்யலாம். தேய்ந்த கீலைப் புதிதாக்குவது கடினம். அலுமினியச் சட்டத்தை உள்ளூரில் பற்றவைத்தால் வலு நிற்காது. வண்டியின் விலைக்கு நிகராக உதிரிபாகம் வாங்கிப் போடும் பழக்கம் தவறாவது இங்கேதான். கீல் ஆட்டம் கண்டு வண்டியை மாற்றும்போது சீட்டும் பெடலும் அடுத்ததற்கு உதவும். சீட் போஸ்ட் அப்படியல்ல: டாஹோன் வண்டிகள் பலவற்றில் அதன் விட்டம் 33.9 மி.மீ., பிராம்ப்டனில் 31.8.