பூட்டுகளும் காலடியோசையும்

ஜப்பானிய நிறுவனமாகிய காப்காம் 1998-இல் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்டு, 2019 ஜனவரியில் அடியோடு புதுக்கிப் புனர்ஜன்மம் கொடுத்த 'ரெசிடென்ட் ஈவில் 2' என்னும் வீடியோ கேமைப் பிணங்கள் எழுந்து நடமாடும் பயங்கர விளையாட்டு என்றே பலரும் வர்ணிப்பார்கள். கண்ட்ரோலரும் கையுமாகச் சில இரவுகளைக் கழித்த எனக்கோ, ஒரே கட்டடத்தோடு சிறுகச் சிறுகப் பரிச்சயம் கொள்வதில்தான் அதன் பிரதானமான ருசி இருப்பதாகத் தோன்றுகிறது.

அந்தக் கட்டடம், ரக்கூன் என்ற கற்பனை அமெரிக்க நகரத்தின் காவல் நிலையம். முன்பு கலைக்கூடமாக இருந்த மாளிகையைப் போலீசார் சுவீகரித்துக்கொண்டதாகக் கதை சொல்லிவிடுவதால், குற்றவாளிகளை விசாரிக்கும் இடத்தில் சிங்கச் சிலைக்கும் ஒற்றைக்கொம்புக் குதிரைச் சிலைக்கும் என்ன வேலை என்ற நியாயமான சந்தேகத்துக்கு ஒருவாறு சமாதானம் கிடைக்கிறது. நடுக்கூடத்துத் தேவதைச் சிலையில் மூன்று பதக்கங்களைப் பொருத்தினால் ரகசிய வழி திறக்கும். பதக்கங்களைப் பெறவோ, மாண்டுபோன ஒரு காவலரின் குறிப்பேட்டிலுள்ள சித்திரங்களைப் பார்த்து, சிலைகளின் அடியிலுள்ள சக்கரங்களைத் திருப்பி, மீன், தேள், குடம் என்றாற்போல் உருவங்களை வரிசைப்படுத்த வேண்டும். புத்திக்கு இது பெரிய பரீட்சை அல்ல.

பரீட்சை வேறிடத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் நம் பையில் எட்டே பொருள்களுக்குத்தான் இடம்; சாவியை எடுத்தால் மருந்தை விடவேண்டும், மருந்தை எடுத்தால் தோட்டாவை விடவேண்டும். இந்தத் தர்மசங்கடம் போதாதென்று, தொப்பி அணிந்த ராட்சதன் ஒருவன் நம்மைத் தேடி அறை அறையாகச் சஞ்சரிக்கிறான். மாடியில் அவனுடைய காலடி அதிரும்போது, நிதானமாக இருந்தால் நொடியில் விளங்கியிருக்கும் குறிப்புக்கூட நம் சிந்தைக்கு எட்டாமல் போகிறது.

இந்தக் கலக்கத்தில் நமக்குற்ற துணை வரைபடம். எடுக்க வேண்டிய பொருள் எஞ்சியிருக்கும் அறை சிவப்பாகவும், முற்றிலும் துழாவி முடித்த அறை நீலமாகவும் அதில் தெரியும். இது மிதமிஞ்சிய சலுகை என்று பழைய ஆட்டக்காரர்கள் முணுமுணுக்கலாம். 1998-ஆம் ஆண்டு ஆட்டத்தில் வெஸ்கர் என்பவரின் மேசையை 50 முறை சோதித்தால்தான் ஒரு ஃபிலிம் சுருள் அகப்படும். அத்தனை பிரயத்தனத்துக்கும் பலன், ரெபெக்கா என்ற பெண்ணின் புகைப்படம் ஒன்றே! அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. ஆகவே சிவப்பையும் நீலத்தையும் மனமார ஆதரிக்கிறேன்.

என் அபிப்பிராயத்தில் புதிர்களுள் சிரேஷ்டமானது, கதையை நகர்த்த அவசியமே இல்லாத ஒன்று. புதிதாக வேலைக்கு வரும் லியோன் என்ற இளைஞனுக்காகச் சகாக்கள் அலுவலகத்தில் வரவேற்புத் தோரணம் கட்டி, அவன் மேசையில் இரண்டு எழுத்துப் பூட்டுகளை மாட்டி, தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளே சாவி என்று வேடிக்கையாகக் கடிதமும் எழுதி வைத்திருக்கிறார்கள். அவரவர் மேசையருகே சென்று பெயரைத் தேடி எழுத்தைத் திரட்டும்போதுதான், அவர்களெல்லாம் இந்த மாளிகைக்குள்ளேயே எந்தக் கோலத்தில் திரிந்துகொண்டிருப்பார்கள் என்பது நம் மனத்தில் உறைக்கிறது. கிடைப்பது துப்பாக்கிக்கான ஓர் உபகரணம்; அதை மறந்தாலும் அந்தக் கடிதத்தை மறக்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறானவை, ஆங்காங்கே ஒளிந்திருக்கும் 15 ரக்கூன் பொம்மைகள். எல்லாவற்றையும் உடைத்தால் தேயாத கத்தி பரிசு. ஆனால் கண் கூர்மைதான் வேண்டுமே தவிர யோசனை வேண்டியதில்லை. சாக்கடைப் பகுதியில் சதுரங்கக் காய் வடிவச் செருகிகளை உரிய துளைகளில் பொருத்தும் புதிர் ரசமானது என்றாலும், அவற்றைத் திரட்டுவதற்குள் அலுப்புத் தட்டிவிடுகிறது.

குறை சொல்வதானால், லியோனுக்குப் பதிலாகக் கிளேர் என்ற பெண்ணின் கோணத்திலிருந்து மறுமுறை ஆடுவதைச் சொல்லவேண்டும். சிலைகளின் உருவங்கள் மாறுகின்றன, மார்க்கங்களும் சற்று வேறுபடுகின்றன. புதிரின் சூட்சுமமோ முன்பு கண்டதேதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சாதாரண நிலையில் ஆடுவதே உசிதம். கடின நிலையில் தட்டச்சு இயந்திரத்தில் ஆட்டத்தைச் சேமிக்க மை நாடா வேண்டும்; அதுவும் பையில் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளும்.